டொரண்ட் கிளையண்ட்டுக்குத் தூரத்திலிருந்து கட்டளை: எந்தக் கருவியை நம்பலாம்?

டொரண்ட் (பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக ஒரு கோப்பைப் பெறும் முறை) இறக்கும் கணினி எங்கோ ஒரு மூலையில் தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ராஸ்பெரி பை என்ற சிறிய கணினியாக இருக்கலாம், பழைய லேப்டாப்பாக இருக்கலாம், வாடகை சர்வராகவும் இருக்கலாம். திரையும் விசைப்பலகையும் பெரும்பாலும் இருக்காது. டெபியன் இமேஜ், இன்டர்நெட் ஆர்க்கைவ் தொகுப்பு, ஆய்வுத் தரவு என்று பெரிய கோப்புகளை அங்கே இறக்கிக்கொண்டு, சேர், நிறுத்து, வேகத்தைக் குறை என்று நம் இடத்திலிருந்தே சொல்ல வேண்டும். எப்போதாவது ஒருமுறை என்றால் வெப் பக்கத்தைத் திறந்து செய்துவிடலாம். இரவில் வேகத்தை ஏற்று, விடிந்ததும் குறை, முடிந்ததை வேறு வட்டுக்கு நகர்த்து என்று வேலை வளரும்போது கட்டளை வரிக்கு வந்தே ஆக வேண்டும்.

களத்தில் இருக்கும் கிளையண்ட்கள், அதாவது டொரண்ட் இறக்கும் நிரல்கள், முக்கியமாக நான்கு: டிரான்ஸ்மிஷன், டெலூஜ், க்யூபிட்டொரண்ட், ஆர்டொரண்ட். அம்சப் பட்டியலை வைத்து இவற்றை ஒப்பிட்டுப் பயனில்லை, எல்லாமே சேர்க்கும், நிறுத்தும், நீக்கும். நாம் தூங்கும்போது ஒரு ஸ்கிரிப்ட் (கட்டளைகளைத் தானாக ஓட்டும் சிறு நிரல்) இவற்றிடம் பேசப்போகிறது என்று வைத்துக்கொண்டு பார்த்தால்தான் வித்தியாசம் தெரிகிறது. எந்த டொரண்ட் என்று எப்படிச் சுட்டுகிறோம்? கட்டளை பலிக்காவிட்டால் அது நமக்குத் தெரியவருமா? கடவுச்சொல் எங்கே கிடக்கிறது? நான் இந்த மூன்றையும் வைத்துத்தான் அளக்கிறேன். என் தேர்வையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானவர்களுக்கு டிரான்ஸ்மிஷன் போதும். வகை பிரித்து, வடிகட்டி, நூற்றுக்கணக்கில் கையாளுபவர்களுக்கு க்யூபிட்டொரண்ட்.

டிரான்ஸ்மிஷன்-ரிமோட்

நான்கில் இதற்கு மட்டும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. தூரத்திலிருந்து ஏவுவதற்கென்றே எழுதப்பட்ட, வேறு வேலையே இல்லாத ஒரு சிறிய கட்டளை இதனுடனேயே வருகிறது. பின்னணியில் டிரான்ஸ்மிஷன்-டீமன் ஓடும் (டீமன் என்றால் திரையில்லாமல் பின்னணியில் ஓடும் நிரல்). அது 9091 போர்ட்டில் ஹெச்டிடிபி வழியே ஜேசான் (தரவை எழுதும் ஓர் உரை வடிவம்) செய்திகளைக் கேட்டுக்கொண்டிருக்கும். நாம் சர்வரின் பெயரையும் போர்ட்டையும் முதலில் கொடுத்து, பிறகு எந்த டொரண்ட் என்று சொல்லி, கடைசியில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறோம். இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொள்வது நல்லது. பெயர் எதுவும் கொடுக்காவிட்டால் அதே கணினியில் இருக்கும் டீமனைத் தேடிக்கொள்ளும்.

ஒற்றையெழுத்துச் சுருக்கங்களில் கவனம் தேவை. சின்ன எஸ் போட்டால் டொரண்ட் தொடங்கும், பெரிய எஸ் போட்டால் நிற்கும். நீக்குவதிலும் இரண்டு உண்டு: ‘ரிமூவ்’ பட்டியலிலிருந்து மட்டும் எடுக்கும், ‘ரிமூவ்-அண்ட்-டிலீட்’ கோப்புகளையும் சேர்த்து அழிக்கும். ஸ்கிரிப்டில் எழுதும்போது முழுப் பெயரையே எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் படிக்கும்போது எந்த எழுத்து எதை அழிக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்காது.

பட்டியல் கேட்டால் எண், எவ்வளவு முடிந்தது, வேகம், ஏற்றியதற்கும் இறக்கியதற்கும் உள்ள விகிதம், நிலை, பெயர் என்று நெடுவரிசைகளாக வரும். கண்ணுக்கு இதம்தான். ஆனால் முதல் நெடுவரிசையில் இருக்கும் அந்த எண்ணை நம்பி ஸ்கிரிப்ட் எழுதக் கூடாது. டீமன் மறுபடி தொடங்கினால் எண்கள் மாறலாம். நேற்றைய 7 இன்று வேறு டொரண்ட்டாக இருக்கும். எண் கேட்கும் இடத்திலெல்லாம் அந்த டொரண்ட்டுக்கே உரிய அடையாளமான 40 எழுத்து ஹாஷையும் கொடுக்கலாம், அது மாறாது. எதையாவது கோப்பில் குறித்து வைத்து மறுநாள் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் ஹாஷைத்தான் குறிக்க வேண்டும்.

கட்டளை போனதும் ‘சக்சஸ்’ என்று பதில் வரும். பலர் ஏமாறுவது இங்கேதான். சர்வர் கோரிக்கையைப் புரிந்துகொண்டது என்பதற்கு மேல் அந்தச் சொல்லுக்குப் பொருள் கிடையாது. இல்லாத ஓர் எண்ணைக் கொடுத்து நிறுத்தச் சொன்னாலும் ‘சக்சஸ்’தான். அந்த எண்ணில் யாரும் இல்லை, ஆகவே எதையும் நிறுத்தவில்லை, அவ்வளவுதான். டொரண்ட் கோப்பு இல்லாமல் ஹாஷை மட்டும் தரும் மேக்னெட் இணைப்பைச் சேர்க்கும்போதும் இதே கதை: சேர்த்தாயிற்று என்று உடனே சொல்லிவிடும், விவரக் கோப்பு பியர்களிடமிருந்து (அதே டொரண்ட்டைப் பகிரும் மற்றக் கணினிகளிடமிருந்து) வந்ததா என்பது பிறகுதான் தெரியும். ஆகவே முக்கியமான கட்டளை எதுவானாலும், அடுத்த வரியில் அந்த ஹாஷின் நிலையைக் கேட்டுச் சரிபார்ப்பதையும் ஸ்கிரிப்டில் சேர்த்துவிடுங்கள்.

கடவுச்சொல் விஷயத்தில் நல்ல வசதி இருக்கிறது. பெயரையும் கடவுச்சொல்லையும் கட்டளை வரியிலேயே எழுதலாம், ஆனால் அதே கணினியில் வேறு பயனர்கள் இருந்தால் ஓடும் பிராசஸ் பட்டியலில் அது அவர்கள் கண்ணில் படக்கூடும். அதற்குப் பதில் சூழல் மாறியிலிருந்தோ கடவுச்சொற்களை வைக்கும் ‘நெட்ஆர்சி’ கோப்பிலிருந்தோ எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் போடுவதற்கு இரண்டாவது வழி பொருத்தம்.

வெளியிலிருந்து முதல் முறை இணைக்கும்போது 403 என்று மறுப்பு வந்தால் பதற வேண்டாம். டிரான்ஸ்மிஷன் இயல்பாகவே உள்ளூர் முகவரியை (அதாவது அதே கணினியை) மட்டும்தான் உள்ளே விடும். அமைப்புக் கோப்பில் அனுமதிப் பட்டியலைத் திருத்த வேண்டும். டீமன் ஓடும்போது அந்தக் கோப்பைத் திருத்தினால், அது நிற்கும்போது தன்னிடம் இருக்கும் பழைய அமைப்பை மேலே எழுதிவிடும். முதலில் நிறுத்துங்கள், அப்புறம் திருத்துங்கள். கணினிப் பெயருக்கும் தனியாக ஓர் அனுமதிப் பட்டியல் உண்டு. 2018 தொடக்கத்தில் கூகுளின் புராஜெக்ட் ஜீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழுவைச் சேர்ந்த டேவிஸ் ஓர்மண்டி, டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) தந்திரத்தால் உலாவி வழியே டிரான்ஸ்மிஷனை ஏவிவிட முடியும் என்று காட்டினார். அதற்குப் பிறகு வந்த காப்பு அது. எரிச்சலாக இருந்தாலும் அணைக்காதீர்கள்.

டெலூஜ்-கன்சோல்

டெலூஜ் பைத்தானில் எழுதப்பட்டது. உள்ளே வேலை செய்வது லிப்டொரண்ட் நூலகம். டீமன் 58846 போர்ட்டில் கேட்கும். அது பேசுவது ஹெச்டிடிபி கிடையாது, டிஎல்எஸ் மறைகுறியீட்டுக்குள் சுருக்கி அனுப்பும் சொந்த மொழி. ஆகவே டிரான்ஸ்மிஷனைப் போல கர்ல் (கட்டளை வரியிலிருந்து ஹெச்டிடிபி கோரிக்கை அனுப்பும் கருவி) கொண்டு நேரே பேச முடியாது, டெலூஜ்-கன்சோலையே நிறுவ வேண்டும். அந்தக் கன்சோல் இரண்டு வேடம் போடும். வெறுமனே ஓட்டினால் டெர்மினல் முழுக்க விரியும் இடைமுகம் வரும். மேற்கோள் குறிகளுக்குள் ‘கனெக்ட்’, பிறகு அரைப்புள்ளி, பிறகு ‘ஆட்’ என்று கோத்துக் கொடுத்தால் அத்தனையையும் செய்துவிட்டு வெளியேறும்.

பயனர் கணக்கு முறையில் மற்ற மூன்றையும்விட டெலூஜ் மேல் என்பேன். ‘ஆத்’ கோப்பில் ஒவ்வொரு வரியிலும் பெயர், கடவுச்சொல், அதிகார நிலை. 1 என்றால் பார்க்க மட்டும், 5 என்றால் சாதாரணப் பயனர், 10 என்றால் நிர்வாகி. நிலையைக் கண்காணிக்கும் ஸ்கிரிப்டுக்கு 1 கொடுத்துவிட்டால், அதில் எவ்வளவு பெரிய பிழை இருந்தாலும் எதையும் அழிக்க முடியாது. மற்ற மூன்றிலும் இப்படிப் பிரித்துக் கொடுக்க நேரான வழி இல்லை. ஒரே குறை, கடவுச்சொற்கள் அந்தக் கோப்பில் அப்படியே வெளிப்படையாகக் கிடக்கும். கோப்பின் அனுமதியை இறுக்கி வைக்க வேண்டும்.

நீக்கும் கட்டளையிலும் ஒரு நல்ல குணம் உண்டு. டெலூஜ் 2 வரிசையில் ‘ஆர்எம்’ சொன்னால் பொருந்தும் டொரண்ட்களைப் பட்டியலிட்டுவிட்டு நிற்கும். உறுதிப்படுத்தும் விருப்பத்தையும் சேர்த்தால்தான் நீக்கும். எல்லாக் கருவிகளும் இப்படி இருந்தால் எத்தனையோ பேருடைய தரவு பிழைத்திருக்கும்.

பிறகு ஏன் இதை முதலில் வைக்கவில்லை? பதிப்புப் பொருத்தம்தான் காரணம். 2019-ல் டெலூஜ் 2.0 வந்தபோது பழைய 1.3 கன்சோலால் புதிய டீமனுடன் பேச முடியாமல் போயிற்று. இரண்டு கணினிகளில் இரண்டு வேறு லினக்ஸ் இருந்தால் பதிப்புகளைச் சேர்த்தே ஏற்ற வேண்டியிருக்கும். பைத்தான் என்பதால் ஒவ்வொரு முறை தொடங்கவும் சற்று நேரம் பிடிக்கும். சிறிய கணினியில் நிமிடத்துக்கு ஒருமுறை ஓட்டும்போது அது உறுத்தும். வெளியீடும் மனிதர் படிக்க வடிவமைத்தது. அதை ஸ்கிரிப்டில் வெட்டி எடுப்பது சிரமம்.

க்யூபிட்டொரண்ட்: கட்டளை இல்லாத கட்டளை வரி

திரையில்லாத கணினிக்கு க்யூபிட்டொரண்ட்-நாக்ஸ் என்று ஒரு வடிவம் இருக்கிறது. ஆனால் டிரான்ஸ்மிஷன்-ரிமோட் போலத் தூரத்து ஏவலுக்கென்று அதிகாரபூர்வமான கருவி எதுவும் அதனுடன் வராது. வருவது ஒரு வெப் ஏபிஐ, அதாவது நிரல்கள் ஹெச்டிடிபி வழியே பேசும் வாசல். வழக்கமாக 8080 போர்ட்டில் இருக்கும். மற்றவர்கள் எழுதிய கருவிகள் சில உண்டு, என்றாலும் கர்லும், ஜேசானைப் பிரித்தெடுக்கும் ஜேக்யூவும் கையில் இருந்தால் அவை இல்லாமலே எல்லாம் செய்யலாம் என்பது என் அனுபவம்.

முதலில் உள்நுழைவு கோரிக்கை, அதற்குப் பதிலாக ஒரு குக்கி கிடைக்கும். அதைக் கோப்பில் வைத்துக்கொண்டு அடுத்தடுத்த கோரிக்கைகளுடன் அனுப்ப வேண்டும். பட்டியல் கேட்டால் சுத்தமான ஜேசான் வரும். டிரான்ஸ்மிஷன் பட்டியலின் நெடுவரிசைகளை ஆக் (உரையை நெடுவரிசையாகப் பிரிக்கும் கருவி) கொண்டு வெட்டும்போது, பெயரில் இடைவெளி வந்தாலோ ‘மீதி நேரம்’ இரண்டு சொல்லாக வந்தாலோ நெடுவரிசை தள்ளிப்போய்விடும். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. விகிதம் 2-ஐத் தாண்டியவை, ஒரு குறிப்பிட்ட வகையில் இருப்பவை, இந்த டேக் ஒட்டியவை என்று ஜேக்யூவில் ஒரே வரியில் பிரித்துவிடலாம். வகைகளும் டேக்குகளும் உள்ளேயே இருப்பதால் நூற்றுக்கணக்கான டொரண்ட்கள் இருக்கும் இடத்தில் இதுதான் மற்றவற்றை விஞ்சுகிறது. டொரண்ட்டைச் சுட்ட ஹாஷ் மட்டுமே, மாறும் எண் என்ற பேச்சே கிடையாது. பல ஹாஷ்களை நடுவில் செங்குத்துக் கோடு போட்டுச் சேர்த்து ஒரே கோரிக்கையில் அனுப்பலாம்.

தவறைச் சொல்வதில் மட்டும் இது கொஞ்சம் ஏமாற்றும். 4 வரிசைப் பதிப்புகளில் கடவுச்சொல் தவறாக இருந்தாலும் ஹெச்டிடிபி நிலை 200 என்றுதான் வரும். உள்ளே ‘ஃபெயில்ஸ்’ என்ற ஒரு சொல் மட்டும் இருக்கும். கர்லின் பிழை விருப்பத்தை மட்டும் நம்பி இருந்தால் இது நழுவிவிடும், பதிலைப் படித்தே தீர்மானிக்க வேண்டும். தவறான கடவுச்சொல்லுடன் ஸ்கிரிப்ட் விடாமல் தட்டிக்கொண்டிருந்தால், ஐந்து தோல்விக்குப் பிறகு உங்கள் ஐபி முகவரியே ஒரு மணி நேரம் தடைபடும். இயல்பான அமைப்பு அப்படி. டிரான்ஸ்மிஷனைப் போலவே, இல்லாத ஹாஷை நிறுத்தச் சொன்னாலும் இது முகம் சுளிக்காது.

பதிப்பு மாறும்போதும் கவனம். 2024-ல் வந்த 5.0-வில் ‘பாஸ்’, ‘ரெஸ்யூம்’ கோரிக்கைகள் ‘ஸ்டாப்’, ‘ஸ்டார்ட்’ என்று பெயர் மாறின. நிலைப் பெயர்களும் கூடவே மாறின. பழைய ஸ்கிரிப்டுக்கு 404 வருகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். கடவுச்சொல்லிலும் ஒரு மாற்றம்: முன்பு எல்லாருக்கும் ஒரே இயல்புக் கடவுச்சொல் இருந்தது, 2023 இறுதியில் வந்த 4.6.1 முதல் அது போய், முதல் ஓட்டத்தில் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை லாகில் எழுதிக் காட்டுகிறது. மிகச் சரியான முடிவு. ஊரறிந்த கடவுச்சொல்லுடன் எத்தனை கணினிகள் இணையத்தில் திறந்து கிடந்தனவோ.

ஆர்டொரண்ட்

ஜாரி சுண்டெல் எழுதிய ஆர்டொரண்ட் டெர்மினலிலேயே வாழும் கிளையண்ட். பலர் அதை, டெர்மினலை மூடினாலும் நிரலை ஓடவிடும் டிமக்ஸுக்குள் ஓட்டுவார்கள். ஏவுவதற்கு எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற செய்தி முறை. அது வெப் சர்வரும் நிரலும் தமக்குள் பேசும் எஸ்சிஜிஐ வழியே வரும், ஆகவே ஹெச்டிடிபி வேண்டுமானால் நடுவில் என்ஜின்எக்ஸ் போன்ற வெப் சர்வர் ஒன்று நிற்க வேண்டும். கட்டளைப் பெயர்கள் புதியவரை மிரட்டும். டொரண்ட்டைச் சேர்க்கும் கட்டளைக்கு முதல் இடத்தில் காலியான ஒரு மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பதையே தெரிந்துகொள்ளாமல் திணறுபவர்கள் நிறைய.

பைரோகோர் தொகுப்பில் வரும் ஆர்டிகண்ட்ரோலைச் சேர்த்துக்கொண்டால் இதே ஆர்டொரண்ட் வேறு முகம் காட்டும். விகிதம் 2-க்கு மேல், முடிந்து ஒரு வாரம் ஆனவை என்று நிபந்தனைகளை வரிசையாக எழுதினால் அவற்றை மட்டும் பொறுக்கி எடுத்து நீங்கள் சொன்னதைச் செய்யும். உண்மையில் செய்யாமல் என்ன செய்திருக்கும் என்று மட்டும் காட்டும் ஒத்திகை விருப்பமும் உண்டு. வடிகட்டுவதில் க்யூபிட்டொரண்ட்டும் ஜேக்யூவும் சேர்ந்தாலும் இந்த அழகு வராது. தவறைச் சொல்வதிலும் ஆர்டொரண்ட் நேர்மையானது: இல்லாத ஹாஷைக் கொடுத்தால் அந்த ஹாஷ் கிடைக்கவில்லை என்று பிழையாகவே திருப்பும்.

ஆனால் பாதுகாப்பு முழுக்க உங்கள் பொறுப்பு. எஸ்சிஜிஐ வாசலுக்குக் கடவுச்சொல் என்பதே கிடையாது. அதை அடைய முடிந்தவர் டொரண்ட்டை நிறுத்துவதோடு நிற்க மாட்டார், அந்தக் கணினியில் எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். அப்படி ஓட்டும் வசதி ஆர்டொரண்ட்டின் கட்டளைகளிலேயே இருக்கிறது. போர்ட்டில் திறக்காமல், அதே கணினிக்குள் மட்டும் பேசும் யூனிக்ஸ் சாக்கெட்டாக வைத்து, கோப்பு அனுமதியால் பூட்டுவதே சரி.

ஏரியா2-வையும் சிலர் கேட்பார்கள். 6800 போர்ட்டில் ஜேசான்-ஆர்பிசி, ஒரு ரகசிய டோக்கன், எளிமையாகவே இருக்கும். ஆனால் அது எல்லாவற்றையும் இறக்கும் பொதுக் கருவி. மேக்னெட் சேர்த்தால் விவரத்துக்கு ஓர் அடையாள எண், உண்மையான இறக்கத்துக்கு இன்னோர் அடையாள எண் என்று இரண்டாகப் பிரியும். நாள் கணக்கில் சீட் செய்யும் (இறக்கியதை மற்றவர்களுக்குப் பகிரும்) வேலைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது

ஒரே எண் நான்கு கிளையண்ட்களில் நான்கு விதமாகப் புரிந்துகொள்ளப்படும். வேக வரம்பு 500 என்று டிரான்ஸ்மிஷன்-ரிமோட்டில் சொன்னால் வினாடிக்கு 500 கிலோபைட். க்யூபிட்டொரண்ட் ஏபிஐயில் அதே 500 வெறும் 500 பைட், இறக்கம் கிட்டத்தட்ட நின்றேவிடும். டெலூஜில் கிபைட் (1024 பைட்) கணக்கு. ஆர்டொரண்ட்டில் பைட்டுக்கு ஒரு கட்டளை, கிலோபைட்டுக்கு இன்னொரு கட்டளை. வரம்பை எடுப்பதும் இப்படித்தான்: க்யூபிட்டொரண்ட்டில் 0 என்றால் வரம்பில்லை, டெலூஜில் அதற்கு -1, டிரான்ஸ்மிஷனில் வரம்பை அகற்றத் தனி விருப்பமே இருக்கிறது. ஸ்கிரிப்டை மாற்றி எழுதுபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய வரிகள் இவை.

கோப்புப் பாதையும் அப்படி. டிரான்ஸ்மிஷன்-ரிமோட்டும் டெலூஜ்-கன்சோலும் நீங்கள் கொடுக்கும் டொரண்ட் கோப்பை உங்கள் கணினியிலிருந்து படித்து அனுப்பும். ஆர்டொரண்ட்டின் சாதாரணச் சேர்ப்புக் கட்டளை அதை சர்வரில் தேடும், உள்ளடக்கத்தையே அனுப்ப வேறு கட்டளை உண்டு. எங்கே இறக்க வேண்டும் என்ற பாதை எல்லாவற்றிலும் சர்வரில் இருக்கும் பாதைதான். அதை அலைக்குறி போட்டுச் சுருக்கி எழுதினால் உங்கள் ஷெல் உங்கள் வீட்டு அடைவாக விரித்து அனுப்பிவிடும். சர்வரில் அப்படி ஓர் இடமே இல்லாமல் போகலாம்.

வாசலைத் திறப்பதா, எஸ்எஸ்ஹெச்சா?

இந்த நான்கில் எதை எடுத்தாலும், அதன் போர்ட்டை இணையத்துக்குத் திறந்து வைக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். டிரான்ஸ்மிஷனும் க்யூபிட்டொரண்ட்டும் இயல்பாக வெறும் ஹெச்டிடிபி பேசுபவை, கடவுச்சொல் வழியில் திறந்தபடியே போகும். டெலூஜ் மறைத்துப் பேசும் என்றாலும், வெளியே தெரியும் வாசல் வாசல்தான்.

எஸ்எஸ்ஹெச் (தூரக் கணினிக்குள் மறைகுறியீட்டுடன் நுழையும் வழி) இருந்தால் இரண்டு வழி. சர்வரின் 9091-ஐ உங்கள் கணினியின் 9091-ஆகக் காட்டும் சுரங்கம் போட்டு, டிரான்ஸ்மிஷன்-ரிமோட்டை உள்ளூரில் ஓட்டலாம். உள்ளூர் முகவரியிலிருந்து வருவதாகவே டீமன் பார்க்கும், அனுமதிப் பட்டியலைத் தொடவே வேண்டாம். இல்லையென்றால் கட்டளையையே எஸ்எஸ்ஹெச் மூலம் சர்வரில் ஓட்டிவிடலாம். அப்போது டெலூஜின் பதிப்புச் சிக்கல் தானாகவே மறைந்துவிடும், டீமனும் கன்சோலும் ஒரே கணினியில் ஒரே பதிப்பு. ஆர்டொரண்ட்டின் யூனிக்ஸ் சாக்கெட்டும் தூரத்திலிருந்து பயன்படும் நிலைக்கு வந்துவிடும். டொரண்ட் கோப்பை மட்டும் முன்கூட்டியே அங்கே நகலெடுக்க வேண்டும், மேக்னெட் என்றால் அதுவும் வேண்டாம்.

கிரானில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு இரண்டாவது வழியைத்தான் தேர்ந்தெடுப்பேன், ஏனெனில் அதில் இன்னொரு பூட்டும் போடலாம். அந்த ஸ்கிரிப்டுக்கென்று தனி எஸ்எஸ்ஹெச் சாவி உருவாக்கி, சர்வரில் அனுமதிக்கப்பட்ட சாவிகள் கோப்பில் அந்தச் சாவியின் வரிக்கு முன்னால் ஓட வேண்டிய கட்டளையைக் கட்டாயமாக எழுதிவிடலாம். பிறகு அந்தச் சாவியைக் கொண்டு யார் வந்தாலும், என்ன கேட்டாலும், சர்வர் ஓட்டுவது அந்த ஒரே கட்டளையைத்தான். அதில் ‘பட்டியல் காட்டு’ என்று மட்டும் எழுதி, அந்தச் சாவியால் சுரங்கம் போடுவதையும் தடுத்திருந்தால், டெலூஜின் நிலை 1 கணக்கு தரும் காப்பு டிரான்ஸ்மிஷனுக்கும் கிடைத்துவிடும்.